பேசாமல் இருந்தால் ஆறிவிடுமா?

கரு கலைந்துபோனாலும், குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தாலும், பிறந்து சில நாளில் கண்மூடிவிட்டாலும், அந்தப் பெண்ணிடம் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி என்பது தமிழ் வீடுகளில் எழுதாத சட்டம். வாங்கிவைத்த தொட்டில் துணி இரவோடு இரவாக வேறு வீட்டுக்குப் போய்விடும். ஸ்கேன் படங்கள் காணாமல் போகும். அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் ஆண்கள் நாலு பேர் போய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "அதப் பத்தி எதுவும் கேக்காதீங்க" என்று சொல்லி உள்ளே விடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்குறுதி: அடுத்த வருஷமே மடியில் ஒன்று வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும்.

இந்த வழக்கத்தின் பின்னால் பாசம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. கேள்வி கேட்க வேண்டியது அது ஊன்றி நிற்கும் நம்பிக்கைகளை. பேசினால் துக்கம் கூடும், பார்க்காத குழந்தை மறந்துபோகும், அடுத்த பிரசவம் முந்தையதை அழித்துவிடும், நம் முன்னோர் இப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்று அவை நான்கு. இவற்றில் ஒன்று பாதி உண்மை. மற்றவை உரசிப் பார்த்தால் நிற்பதில்லை. அதைவிட மோசம், இந்த மௌனம் மனதோடு நிற்காமல் அந்தப் பெண்ணின் உடம்பையும் அவளுடைய அடுத்த கர்ப்பத்தையும் தொடுகிறது. அந்தச் சேதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மௌனம் இழப்புக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 2016 முதல் நாடு முழுவதும் அரசு மருத்துவ நிலையங்களில் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்று சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம் என்று தெரிந்தால் தாய்-சேய் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அந்தத் திட்டத்தின் முறை. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கியிருப்பது, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டிருப்பது, கர்ப்பகாலச் சர்க்கரை, இரட்டைக் கரு, முந்தைய சிசேரியன், முந்தைய குழந்தை இறந்து பிறந்தது என்று காரணங்கள் பல. அட்டை பெண்ணின் கையில்தான் இருக்கிறது. அதற்கான விளக்கம் மட்டும் கணவனிடமும் அம்மாவிடமும் மாமியாரிடமும் போகிறது. "அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவா" என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அவளுக்குக் கிடைப்பது "ஒண்ணுமில்லம்மா, நல்லா சாப்பிடு" என்ற ஒரு வரி.

இந்தப் பாதுகாப்பு எங்கே உடைகிறது என்பதை பிரீஎக்ளாம்ப்சியாவில் தெளிவாகப் பார்க்கலாம். இருபதாவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறி, ஈரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கக்கூடிய நோய் அது. அதன் எச்சரிக்கைகள் விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது அல்லது மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம். வீக்கம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. தலைவலிக்குத் தைலம், விலா வலிக்கு ஓமத்தண்ணீர், வீக்கம் வந்தால் "நீர் இறங்குது, பிரசவம் கிட்ட வந்துடுச்சு". அழுத்தம் 160/110-ஐத் தாண்டினால் அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம். அடுத்த கட்டம் வலிப்பு. மக்னீசியம் சல்பேட் ஊசி அந்த வலிப்பின் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான 'மேக்பை' ஆய்வு காட்டிவிட்டது. மருந்து இருக்கிறது, மருந்து உள்ள மருத்துவமனையும் இருக்கிறது. கிளம்ப வேண்டிய நேரத்தை உடம்பில் உணர்கிறவள் ஒருத்திதான்; அவளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் எல்லாரும் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள்.

குழந்தையின் அசைவு விஷயத்திலும் இதே கதைதான். கடைசி மாதத்தில் இடம் போதாமல் குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளும் என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அது தவறு. அசைவின் விதம் மாறலாம், உதைப்பது புரள்வதாக ஆகலாம். ஆனால் பிரசவம் வரை அசைவு குறையக் கூடாது. வழக்கமாக இருந்த அளவு குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏதாவது இனிப்பாகக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருப்பது, "எதுக்கு வீணா பயப்படுறே" என்று அதட்டுவது, இரண்டுமே ஆபத்தை வளர்க்கும் வழிகள். இந்த ஒரு தகவலை மாமியாரிலிருந்து கொழுந்தன் வரை எல்லாரும் தெரிந்துவைத்திருந்தால், அவள் நடு இரவில் சந்தேகத்தைச் சொல்லும்போது ஆட்டோ தேடுவதற்குப் பதில் விவாதம் நடக்காது.

படுத்தே இருக்கச் சொல்வது இன்னொரு நம்பிக்கை. குறைப்பிரசவத்தைத் தடுக்க முழு ஓய்வு உதவுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நாட்கணக்கில் அசையாமல் படுத்திருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பும் தசைத் தளர்ச்சியும்தான் கூடுகின்றன. மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காகச் சொன்னால் அது வேறு. சர்க்கரை உள்ளவளுக்கு "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று சோற்றை அள்ளிவைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் உண்மையான துணை என்பது சலிப்பூட்டும் வேலைகளால் ஆனது. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு எழுதி, அந்த எண்களை அவளிடமும் சொல்வது. ஃபைலை ஒரே பையில் வைத்து, அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி செய்வது. 108 வராவிட்டால் வேறு என்ன வண்டி, அவசரச் சிசேரியனும் ரத்தமும் கிடைக்கும் மருத்துவமனை எது, அவளுடைய ரத்தப் பிரிவுக்கு யார் யார் கொடுக்க முடியும் என்று முன்கூட்டி முடிவுசெய்வது. அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்றால், அது யார் என்பதை அவளே தேர்ந்தெடுக்க விடுவது. பயப்படாதே என்று சொல்வதைவிட இவை அதிகம் பயத்தைக் குறைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் இழப்பு வரலாம். உலகில் அறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன. 28 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறக்கும் குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம், அவற்றில் எண்ணிக்கையளவில் இந்தியாவின் பங்கு பெரிது. எனவே இது எந்த வீட்டுக்கும் நேரக்கூடியது. அப்போது முதலில் வரும் நம்பிக்கை, பேசினால் துக்கம் கூடும், விட்டால் காலம் ஆற்றிவிடும் என்பது. குறிப்பாக, "ரெண்டு மாசக் கருதானே" என்று எண்ணப்படும் ஆரம்பகால இழப்பில் இந்தச் சமாதானம் சுலபமாக வருகிறது. லண்டன் மருத்துவமனைகளில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கருச்சிதைவும் கருக்குழாய்க் கர்ப்பமும் நேர்ந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. ஒரு மாதத்தில் 29 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன; ஒன்பது மாதத்தில் அது 18 சதவீதமாக இறங்கியது. காலம் ஓரளவு ஆற்றுகிறது என்பதை இந்த எண்ணிக்கையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒன்பது மாதம் கழிந்தும், அதாவது அந்தக் குழந்தை பிறந்திருக்க வேண்டிய நாளும் வந்துபோன பிறகும், ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தி திடுக்கிட்டு விழிக்கிறாள், அந்த மருத்துவமனை வழியாகப் போகவே அஞ்சுகிறாள், அந்த நாள் திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது. வீட்டில் பேச்சே இல்லை என்பதால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டியிருப்பார்கள்.

உடம்பு இந்த மௌனத்தில் சேர்வதில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு நேரும் இழப்பில் பால் சுரக்கலாம். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதுவரை சுரப்பைத் தடுத்திருந்த புரோஜெஸ்டிரோன் சரிகிறது. குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று அந்த வேதியியல் கேட்பதில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு, மார்பு கல்லாகக் கனத்து ரவிக்கை நனைகிறது. இது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாததால் பல பெண்கள் தமக்கு ஏதோ கோளாறு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மறக்கச் சொன்ன வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கு வழிகள் இருக்கின்றன. முதல் நாளே ஒரே ஒரு முறை கொடுக்கப்படும் 1 மில்லிகிராம் கேபர்கோலின் மாத்திரை பால் சுரப்பைத் தடுக்கும். ஆனால் ரத்த அழுத்தம் உயர்ந்திருந்த பெண்ணுக்கு அது ஆகாது, ஆகவே மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். துணியால் இறுக்கிக் கட்டும் பழைய முறை வலியையும் கட்டியையும் கூட்டும். தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி, பாரம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி எடுப்பது போதும். மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் தென்னிந்திய வழக்கத்தைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் வேண்டாம். 1988-ல் வெளியான ஓர் ஆய்வு அதை ப்ரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டது. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டினைக் குறைப்பதில் மாத்திரை முந்தினாலும், மார்புக் கனத்தையும் பால் அளவையும் குறைப்பதில் பூவும் மாத்திரையும் சமமாகவே இருந்தன. அந்த மாத்திரை பிற்காலத்தில் பக்கவிளைவுகளால் இந்தப் பயன்பாட்டிலிருந்து பல நாடுகளில் விலக்கப்பட்டது; பூ இன்னும் இருக்கிறது. சில பெண்கள் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புகிறார்கள். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய அந்த ஏற்பாடு இப்போது தமிழ்நாட்டிலும் இருக்கிறது. எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் அவள். கேட்க வேண்டியது வீடு.

உடம்பு சார்ந்த இன்னொரு கடமைக்குக் கெடு உண்டு. அவளுடைய ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், ஆன்டி-டி ஊசி தேவையா என்று உடனே கேட்க வேண்டும்; தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தவறினால் அடுத்த கருவின் ரத்த அணுக்களை அவள் உடம்பே தாக்கக்கூடும். அடக்கம் செய்ய இடம் தேடுவதிலும் உறவினருக்குத் தகவல் சொல்வதிலும் அந்த மூன்று நாள் சுலபமாகக் கரைந்துவிடும். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, மணிக்கு இரண்டு பேட் நனையும் ரத்தப்போக்கு ஆகியவற்றையும் "மனசு சரியில்லாததால" என்று தள்ளக் கூடாது. மருத்துவமனையில் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: கைக்குழந்தைகள் அழும் வார்டிலிருந்து அவள் கட்டிலை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்பது. இடமில்லாத மருத்துவமனையிலும் ஓரத்துக் கட்டிலாவது கிடைக்கலாம். கேட்காதவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

அடுத்த நம்பிக்கை, பார்க்காத குழந்தை மறந்துபோகும் என்பது. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மேற்கத்திய மருத்துவமனைகளும் 1970கள் வரை அம்மாவுக்குத் தூக்க மருந்து கொடுத்து, குழந்தையை எடுத்துப்போய், பேச்சை மூடிவிட்டன. 1968-ல் ஸ்டான்ஃபோர்ட் போர்ன் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், குழந்தை இறந்து பிறந்த பெண்களின் குடும்ப மருத்துவர்களுக்குக் கேள்விப் படிவம் அனுப்பினார். அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்ல மருத்துவர்களே தயங்கினார்கள், விவரங்களை நினைவில் வைத்திருக்கவும் இல்லை. மறதி அம்மாவுக்கு வந்ததோ இல்லையோ, சுற்றியிருந்தவர்களுக்கு வந்திருந்தது. மௌனம் யாருடைய வசதிக்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. 1976-ல் இமானுவேல் லூயிஸ் என்ற மனநல மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில், குழந்தையைப் பார்க்கவும் தூக்கவும் பெயரிடவும் பெற்றோருக்கு உதவ வேண்டும் என்று வாதிட்ட பிறகுதான் அங்கே வழக்கம் மாறத் தொடங்கியது.

மாற்றத்தை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாத ஒரு சங்கடமும் இருக்கிறது. 2002-ல் பேட்ரிசியா ஹியூஸ் குழுவினர் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில், இறந்த குழந்தையைத் தூக்கிவைத்திருந்த அம்மாக்களிடம் அடுத்த கர்ப்பத்தில் மனச்சோர்வு அதிகமாகவும், பார்க்கவே பார்க்காதவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. "பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் இதைக் கையில் எடுக்கலாம். ஆனால் அந்த ஆய்வு 65 பெண்களைப் பற்றியது. தூக்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தபோது அவர்கள் ஏற்கெனவே எந்த மனநிலையில் இருந்தார்கள் என்பதை அதனால் பிரித்துக்காட்ட முடியவில்லை. 1996-ல் இங்கேலா ராடெஸ்டாட் என்ற ஆய்வாளர் ஸ்வீடனில் முந்நூறுக்கும் மேற்பட்ட அம்மாக்களிடம் கேட்டபோது வேறு படம் கிடைத்தது. குழந்தையோடு தான் விரும்பிய அளவு நேரம் இருக்க முடியாதவர்களும், நினைவுக்கு ஒரு பொருள்கூட மிச்சமில்லாதவர்களும்தான் ஆண்டுகள் கழிந்தும் அதிகம் துன்பப்பட்டார்கள். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் இந்த இரண்டு பக்கமும் ஊசலாடி, கடைசியில், என்ன எதிர்பார்க்கலாம் என்று விளக்கிச் சொல்லி, பார்ப்பதா வேண்டாமா என்பதை அம்மாவிடமே விட வேண்டும் என்ற இடத்தில் நிற்கிறது.

அதாவது, கட்டாயம் காட்ட வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கேட்காமலே எடுத்துப்போக வேண்டும் என்பதற்கும் இல்லை. தமிழ் வீடுகள் செய்துவருவது இந்த இரண்டாவதைத்தான். நடைமுறையில் தேவைப்படுவது சில மணி நேரம். மயக்கம் தெளியும் வரை அடக்கத்தைத் தள்ளிப்போடலாம். தோல் நிறம் மாறியிருக்கும், உடம்பு குளிர்ந்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். முகத்தை மட்டும் பார்க்கிறேன் என்றாலும், வேண்டவே வேண்டாம் என்றாலும் ஒத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றவளுக்காக ஒரு போட்டோவையும் கைகாலின் மை அச்சையும் எடுத்து உறையில் ஒட்டி, கணவன் அல்லது அக்கா யாராவது பத்திரப்படுத்தலாம். ஆறு மாதம் கழித்து அவள் கேட்கக்கூடும். கேட்காமலும் இருக்கலாம். ஸ்கேன் படங்களை எரிப்பவர்கள் அந்த வாய்ப்பை அவளுக்கு இல்லாமல் செய்கிறார்கள்.

முன்னோர் வழக்கம் என்ற வாதம் இவற்றில் மிகவும் நலிந்தது. புறநானூற்றின் 74-ஆம் பாட்டு, சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் வழங்குவது, இறந்து பிறந்த குழந்தையையும் வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்ததையும்கூட மறக்குடியினர் ஆள் இல்லை என்று ஒதுக்காமல் வாளால் கீறி அடக்கிய வழக்கத்தைச் சொல்கிறது. அது போர்க்குடியின் மானத்தைப் பேசும் பாட்டு. அம்மாவின் துயரம் அதில் இல்லை. இருந்தாலும், மூச்சுவிடாத பிள்ளையை ஆளாக எண்ணும் மரபு தமிழில் இருந்ததே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இன்றைய அரசுப் பதிவேடும் எண்ணத்தான் செய்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, 28 வாரம் நிறைந்து இறந்து பிறந்த குழந்தைக்குத் தனிப் படிவம் உண்டு. கணக்கில் வராத இடம் வீடு மட்டும்தான்.

பாதி உண்மை என்று முதலில் சொன்னது அடுத்த குழந்தை பற்றியது. மருத்துவக் கோணத்தில் சீக்கிரம் கருத்தரிப்பது அத்தனை ஆபத்தல்ல. கருச்சிதைவுக்குப் பிறகு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் கூட்டம் 2005-ல் சொன்னது. ஆனால் 30,000-க்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துப் பெண்களின் பதிவுகளைக் கொண்டு 2010-ல் வெளியான ஆய்வில் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களுக்கே விளைவுகள் நன்றாக இருந்தன. குழந்தை இறந்து பிறந்த பிறகு ஒரு வருஷத்துக்குள் கருத்தரித்தால் ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை என்று பின்லாந்து, நார்வே, மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பதிவுகள் 2019-ல் காட்டின. உடம்பின் கதை இது. மனதின் கதை வேறு: ஒரு வருஷத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களிடம் அந்தக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பதற்றமும் சோர்வும் அதிகம் என்று ஹியூஸின் இன்னொரு ஆய்வு 1999-லேயே கண்டது. இரண்டையும் எடைபோட்டுத் தேதி குறிக்க வேண்டியவர்கள் அந்தத் தம்பதி. மாமியாரும் சித்தியும் ஜோசியரும் அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை.

வாக்குறுதியின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அடுத்த கர்ப்பம் நன்றாக முடிய வேண்டுமானால் முந்தையது ஏன் முடிந்தது என்று தெரிய வேண்டும். நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் காரணம் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குக் குழந்தையின் உடம்பில் கை வைக்க வேண்டியதுகூட இல்லை. அடுத்தடுத்துக் கரு கலைந்தவளுக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உதவும். வலியே இல்லாமல் ஐந்தாம் மாதத்தில் வாய் திறந்துவிட்ட கருப்பைக்கு அடுத்த முறை மூன்றாம் மாதக் கடைசியை ஒட்டித் தையல் போடலாம். பிரீஎக்ளாம்ப்சியா வந்தவளுக்குப் பதினாறாவது வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் அது மறுபடி கடுமையாக வரும் வாய்ப்பு குறையும். தைராய்டு, சர்க்கரை எல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மறப்பதையே மருந்தாக நினைக்கும் வீட்டில் டிஸ்சார்ஜ் சீட்டு ஸ்கேன் படத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அடுத்த முறை பதிவு செய்யப் போகும்போது "இதுதான் முதல்னு சொல்லிடு" என்று சொல்லிக்கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. முந்தைய இழப்பு என்ற ஒரு வரியே அவளைச் சிவப்பு ஸ்டிக்கர் பட்டியலில் சேர்த்து, கூடுதல் ஸ்கேனும் நிபுணர் கவனமும் பெற்றுத்தந்திருக்கும். அந்த வரியை அழித்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறார்கள்.

காரணம் பேசப்படாத இடத்தில் பழி குடியேறும். பப்பாளி சாப்பிட்டாள், ஸ்கூட்டரில் போனாள், கிரகண நேரத்தில் வெளியே வந்தாள், வேலைக்குப் போனாள், கடைசியில் அவள் ராசி. முதல் மூன்று மாதத்துக்குள் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கரு உருவாகும்போதே நேர்ந்த குரோமோசோம் பிழையால் கலைகின்றன; அதில் அவள் செய்தது, செய்யாதது எதற்கும் இடமில்லை. இதை மருத்துவர் அவளிடம் மட்டும் சொன்னால் போதாது. மாமியாரும் நாத்தனாரும் இருக்கும்போது ஒருமுறை சொல்ல வேண்டும் என்று கணவன் கேட்டு வாங்க வேண்டும். உறவில் நடக்கும் வளைகாப்புக்கு அவளை அழைக்காமல் விடுவதை அவள் மனம் நோகக் கூடாது என்ற பெயரில் செய்கிறார்கள். சுபகாரியத்தில் அவள் கை படக் கூடாது என்ற எண்ணம் அதன் கீழே இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அழைப்பதும், வரவில்லை என்றால் கோபிக்காமல் இருப்பதும் நேர்மையான வழி.

கணவனைப் பற்றி இந்த வழக்கம் யோசிப்பதே இல்லை. ஒப்புதல் கையெழுத்துப் போட்டவன் அவன், துணியில் சுற்றியதைக் கையில் ஏந்திக் குழிக்குக் கொண்டுபோனவன் அவன், மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்புகிறவனும் அவன். "நீதான் தைரியமா இருக்கணும்" என்று எல்லாரும் சொல்வதால், மனைவியின் எதிரே அழக் கூடாது என்று எண்ணுகிறான். அவன் அழாததைப் பார்த்து அவனுக்கு ஒன்றுமில்லை என்று அவள் எண்ணுகிறாள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் நேராகச் சொல்ல வேண்டும்: பாப்பா இறந்துவிட்டது, யார் தப்பும் இல்லை. பாப்பா தூங்குகிறது, சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றால், தூங்கவும் சாமி அறைக்குப் போகவும் அஞ்சும் குழந்தைகள் உண்டு.

மௌனம் சம்பளத்தையும் விடுவதில்லை. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அதனால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்து 28 நாளுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில் ஆணை வந்தது. "ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று காய்ச்சல் லீவு எழுதச் சொல்லும் குடும்பம், அவளுக்கு உரிமையான ஓய்வைத் தானே பறித்துவிடுகிறது. மருத்துவச் சான்றிதழை வாங்கி, விண்ணப்பத்தை எழுதி, அலுவலகத்தில் ஒரே ஒருவரிடம் பேசிவிட்டு வருவது அண்ணனோ தம்பியோ அரை நாளில் செய்யக்கூடிய வேலை.

எல்லாப் பெண்களும் பேச விரும்புவதில்லையே என்பது நியாயமான மறுப்பு. சிலருக்குச் சமையலறையில் வேலை செய்வதும் வயலுக்குப் போவதும்தான் வழி. அவர்கள் மௌனம் அவர்களுடையது. அதைக் கலைக்க யாருக்கும் உரிமையில்லை. வீடு சுமத்தும் மௌனம் வேறு. அதை அடையாளம் காண்பது கடினமும் அல்ல: அவள் பேச்சை எடுத்தால் மற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்களா? "நல்லவேளை, வளர்றதுக்கு முன்னாடியே போச்சு", "மூத்தது இருக்கே, அதப் பாத்துக்க" போன்றவை ஆறுதல் அல்ல, வாயை மூடும் கதவுகள். "கேட்டேன்மா, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லலாம். சாப்பாடு கொண்டுபோகலாம், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரலாம். இரண்டு மூன்று வாரம் கழிந்தும் தூக்கமும் பசியும் திரும்பாமல், எதிலும் ஒட்டாமல், இருந்து என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு வந்தால் அது வீட்டார் மட்டும் சமாளிக்கக்கூடியது அல்ல. மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். இரவு நேரமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள்.

அடுத்த கர்ப்பம் வந்தால், முந்தைய இழப்பு நேர்ந்த வாரம் நெருங்கும்போது பயம் உச்சத்துக்குப் போகும். அந்த வாரம் எது என்று வீட்டில் யாராவது குறித்துவைத்து, அதையொட்டி ஒரு கூடுதல் பரிசோதனைக்கு நாள் வாங்கி, ஸ்கேன் அறைக்குள் அவளோடு போக வேண்டும். போகும்போது பழைய ஃபைலும் கூட வர வேண்டும். எத்தனையாவது கர்ப்பம் என்று செவிலியர் கேட்டால், முந்தையதையும் சேர்த்தே எண்ணிச் சொல்ல வேண்டும்.